புகைப்படமா, ஓவிய அச்சா?

1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில், முதல் சுற்றிலேயே வீழ்ந்த சன்னி லிஸ்டனுக்கு மேலே முகம்மது அலி கையை மடக்கி நின்று முழங்கிய தருணத்தைச் சேகரிக்க விரும்புவோர், நீல் லைஃபரின் வண்ணப் புகைப்படத்தில் அலியே கையொப்பமிட்ட பிரதியையோ, ஓர் ஓவியர் அக்காட்சியை வரைந்து எண்ணிட்டுக் கையொப்பமிட்ட அச்சையோ நாடலாம்.

புகைப்படம் நேரடிச் சாட்சி. அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கம் அமர்ந்த இன்னொரு புகைப்படக்காரரின் முகம்கூடத் தெரிகிறது (பாவம், அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு மட்டுமே). சிக்கல் கையொப்பத்தில்தான் இருக்கிறது. அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. இளமையில் பெரிதாக, தடையின்றி ஓடிய கையெழுத்து பிற்காலத்தில் சிறுத்து இறுகியதால், கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் காலத்தோடு எழுத்தின் வடிவம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். 2016இல் அவர் மறைந்துவிட்டதால் புதிய கையொப்பம் வர வழியில்லை, போலிகளோ ஏராளம். எனவே விற்பவர் தாமே தரும் சான்றிதழை நம்பாமல், சார்பற்ற வல்லுநரின் சரிபார்ப்பைக் கேட்க வேண்டும். மார்க்கர் மை வெளிச்சத்தில் மங்கும் என்பதும் கவனத்துக்குரியது.

ஓவிய அச்சில் இத்தொல்லைகள் குறைவு. ஓரத்தில் பென்சிலால் இட்ட கையொப்பம் எளிதில் மங்காது. 45/300 (300 பிரதிகளில் 45ஆவது) போன்ற எண், வெளியான பிரதிகளின் அளவையும் காட்டிவிடும். ஆனால் அதில் இருப்பது ஓவியரின் கை, அலியின் கை அன்று.

ஐயமற்ற சான்று கிடைத்தால் புகைப்படத்தையே நான் தேர்வேன்; கிடைக்காவிடில், புகைப்படத்தின் விலை எவ்வளவு குறைந்தாலும், அச்சை வாங்குவதே மேல்.