டான்சிங் ஸ்டேஜ் சூப்பர்நோவா: பாண்டிச்சேரியில் எந்த நாட்டு டிஸ்க் வாங்குவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நடன விளையாட்டை டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2 மெஷினுக்கு வாங்கப் போகிறவர்கள் அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எந்த நாட்டுக்குப் போட்ட டிஸ்க் என்று பார்த்து வாங்குங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கிய ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் ஓடாமல் கிடக்கிறது.

ஓடுகிற டிஸ்க் பிரான்ஸிலிருந்து வந்தது. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பாண்டிச்சேரிக்காரர்களுக்கு சொல்தா வீடு என்றால் போதும், புரிந்துவிடும். அவர் குடும்பம் இப்போதும் பாரீஸ் பக்கம்தான். போன பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் தன் பழைய டிஸ்குகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், அதில் இருந்ததுதான் டான்சிங் ஸ்டேஜ் சூப்பர்நோவா. பின்னட்டை முழுக்க பிரெஞ்சு. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

டான்சிங் ஸ்டேஜ் என்றால் ஏதோ வேறு விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். கொனாமி கம்பெனியின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனுக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர் அது. 1998-ல் ஜப்பானில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷினாக (ஆர்கேட்) வந்தது, அடுத்த வருடமே வீட்டில் ஆட பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு வீட்டு டிஸ்க் போனது 2001-ல். ஐரோப்பாவுக்குப் போனபோது பெயரையே மாற்றிவிட்டார்கள்: யூரோமிக்ஸ், ஃபீவர், ஃப்யூஷன், மேக்ஸ் என்று வரிசையாக வந்த எல்லாவற்றுக்கும் முன்னால் டான்சிங் ஸ்டேஜ்தான்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சில சமயம் ஒரே விளையாட்டுக்கு மூன்று பெயர். 2005-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் மெஷினுக்கு மாரியோவை வைத்து ஒன்று போட்டார்கள், அது அமெரிக்காவில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் மாரியோ மிக்ஸ், ஜப்பானில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வித் மாரியோ, ஐரோப்பாவில் டான்சிங் ஸ்டேஜ் மாரியோ மிக்ஸ். இரண்டு வாங்கிவிடாதீர்கள். சில சமயம் நேர் எதிர், ஒரே பெயரில் இரண்டு வேறு விளையாட்டு. எக்ஸ்ட்ரீம் என்று ஜப்பானில் 2003-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிஸ்கில் நூற்றுக்கும் மேல் பாட்டு, ஆர்கேட் மெஷினின் முகத்தோடு அப்படியே வரும். அதே எக்ஸ்ட்ரீம் என்ற பெயரில் 2004-ல் அமெரிக்காவில் வந்ததில் பாட்டு வேறு, திரை வேறு, ஐடாய் கேமரா வைத்து கையை ஆட்டி விளையாடும் பகுதியெல்லாம் சேர்த்திருந்தார்கள்.

என் அலமாரியில் கிடப்பது அந்த அமெரிக்க எக்ஸ்ட்ரீம். ஆன்லைனில் ஒருவர் எல்லா மெஷினிலும் ஓடும் என்று உறுதியாகச் சொல்லி 1,400 ரூபாய்க்கு விற்றார். போட்டேன், சிவப்புத் திரை வந்து பிளேஸ்டேஷன் 2 டிஸ்கைப் போடு என்றது. நம் ஊர்க் கடைகளில் முறையாக விற்ற பிளேஸ்டேஷன் 2, ஐரோப்பாவைப் போலவே PAL என்ற வகை. அமெரிக்க டிஸ்கும் ஜப்பான் டிஸ்கும் அதில் ஓட வேண்டுமானால் சிப் போட்டோ அதுபோல வேறு வழியிலோ நாட்டுப் பூட்டை நீக்கிய மெஷினாக இருக்க வேண்டும். விற்றவரைக் கேட்டால் பதிலே இல்லை. அண்ணன் கொண்டுவந்ததோ போட்ட உடனே ஓடியது. ஃபிரான்ஸில் உறவுக்காரர்கள் இருக்கிற வீடு இந்த ஊரில் எத்தனை, அவர்கள் பரணில் இந்த டிஸ்குகள் சும்மா தூங்குகின்றன, கேட்டு வாங்குங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். திரையின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறி வரும், மேலே நிற்கும் அம்பின் மீது அது சரியாகப் பொருந்துகிற நொடியில் காலடியில் விரித்திருக்கும் மேட் என்ற பட்டன் விரிப்பில் அதே திசையை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். கஷ்டத்துக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வரைக்கும் எங்கள் அம்மாகூட ஆடிவிடுகிறார், ஆறுக்கு மேல் போனால் இடது காலும் வலது காலும் மாறி மாறிப் போகாமல் ஒரே காலால் மிதித்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. மிதித்துவிட்டு நடுவுக்குத் திரும்பும் பழக்கத்தை விட வேண்டும், கால் அங்கேயே நிற்கட்டும், அடுத்த அம்புக்கு அடுத்த கால். அது பிடிபட்ட அன்று உடம்பே பாட்டுக்குள் போன மாதிரி இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகவே இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன். எத்தனை கலோரி கரைந்தது என்று காட்டும் பயிற்சி முறையும் இருக்கிறது, தங்கை தினமும் சாயங்காலம் அதில்தான் ஆடுகிறாள்.

பாட்டு விஷயத்தில் மனசில் பட்டதைச் சொல்கிறேன். ஐரோப்பிய டிஸ்கில் அந்த ஊர் ரேடியோவில் ஓடிய பாட்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட அவ்வளவு சுகமில்லை, காலுக்கு வேலை வைக்கிற இடங்கள் குறைவு. கொனாமியின் சொந்த இசையமைப்பாளர்கள் இதற்கென்றே போட்ட பாட்டுகள்தான் உயிர். தாளம் நடுவில் நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி பாயும் இடங்கள் அவற்றில்தான் வருகின்றன. சிப் போட்ட மெஷின் வைத்திருக்கும் கடலூர் நண்பன் வீட்டில் ஜப்பான் எக்ஸ்ட்ரீம் ஆடிப் பார்த்தேன், அதில் அந்த மாதிரிப் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. பாட்டுக்காக மட்டும் கேட்டால் ஜப்பான் டிஸ்க்தான் என் முதல் ஓட்டு. மெஷினில் கை வைக்க வேண்டாம் என்பவர்களுக்கு டான்சிங் ஸ்டேஜ்.

அப்புறம் மேட். நான் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் 350 ரூபாய்க்கு ஒரு பழைய மேட் எடுத்தேன். உள்ளே இரண்டு மெல்லிய தாள்கள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்ச், நாம் மிதிக்கும்போது மேல் தாளும் கீழ்த் தாளும் அந்த ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்ளும், அதுதான் பட்டன். ஸ்பாஞ்ச் அமுங்கிப்போன மேட் என்றால் மிதிக்காமலே மிதித்ததாகக் காட்டும், அதனால் வாங்கும் முன் நான்கு அம்பையும் விரலால் அழுத்தி, விட்டதும் மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட், வழவழவென்று இருக்கும், மேட் இரண்டு பாட்டுக்குள் சுவர் வரைக்கும் நகர்ந்துவிடும். கோரைப்பாய் போட்டுப் பார்த்தேன், பாயும் சேர்ந்து நகர்ந்தது. கடைசியில் தச்சரிடம் ஒரு பிளைவுட் பலகை வாங்கி, மேட்டை அதன்மேல் விரித்து நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் ஒட்டி, பலகைக்கு அடியில் சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு ஒட்டினேன். இப்போது அசையவே இல்லை. சாக்ஸ் போட்டு ஆடாதீர்கள், வழுக்கும். வெறுங்காலில் ஆடிவிட்டு வியர்வையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் அப்படியே சுருட்டி வைத்தால் ஒட்டிக்கொள்கிறது.

டிவியையும் சொல்ல வேண்டும். ஹாலில் இருக்கும் எல்இடி டிவியில் ஆடும்போது பாட்டுக்குச் சரியாக மிதித்தாலும் சுமார், தவறு என்கிற மாதிரியே மதிப்பு வந்தது, மேட்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அப்பா பழைய டப்பா டிவியை மாடியிலிருந்து இறக்கி மாட்டிக் கொடுத்தார், அதே பாட்டு, அதே மேட், வரிசையாகப் பெர்ஃபெக்ட். தட்டை டிவி படத்தை அலசிப் பார்த்துவிட்டுக் காட்டுவதற்குள் நொடியின் ஒரு சின்னப் பங்கு போய்விடுகிறது, மற்ற விளையாட்டில் தெரியாத அந்தத் தாமதம் இதில் உயிரை எடுக்கும். டப்பா டிவி இல்லாதவர்கள் டிவி செட்டிங்கில் கேம் மோட் போட்டுப் பாருங்கள், ஓரளவு சரியாகும்.

தமிழ்ப் பாட்டு எந்த நாட்டு டிஸ்கிலும் கிடையாது, அந்த ஏக்கம் இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் இதே மாதிரி ஆட வைக்கும் ஸ்டெப்மேனியா என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம், நாமே பாட்டுக்கு அம்பு அடுக்கலாம், யுஎஸ்பி மேட் ஒன்று வேண்டும். தங்கை ஒரு குத்துப் பாட்டுக்கு இரண்டு வாரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள், பல்லவி முடிந்திருக்கிறது, சரணத்தில் உருமி வரும் இடத்தில் என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.