கேப் பிரெட்டன் மேற்குக் கரை: குளிர்காலப் புயலையும் ரோட்டையும் கண்காணிக்க எது உதவுகிறது

ஷெட்டிகாம்ப், கிராண்ட் எட்டாங், பிளசன்ட் பே. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர்கள். இதே தீவின் சிட்னி நகரில் படித்து முடித்து இந்தப் பக்கம் வேலை கிடைத்து, முதல் கார் வாங்கும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "எந்த வெதர் ஆப் நல்லது?" என்பதுதான். பல குளிர்காலம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு சொல்கிறோம்: கையில் நாலைந்து கருவி இருந்தால் போதும். எதை எப்போது திறக்கிறீர்கள், அது காட்டாமல் விடுவது எது என்று தெரிந்திருப்பதில்தான் பத்திரம் இருக்கிறது.

முதலில், எத்தனை சென்டிமீட்டர் பனி என்று பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். காற்று எந்தத் திசை என்று பாருங்கள். புயலின் காற்றழுத்தத் தாழ்வு மையம் தீவுக்குத் தென்கிழக்கே கடல்மேல் நகர்ந்தால் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மழை கலக்காமல் முழுக்கப் பனியாகக் கொட்டும். கிழக்குக் கரைக்குத்தான் அடி அதிகம். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் அப்படி ஒரு புயல் நகராமல் நின்றுவிட்டதால் சிட்னி வட்டாரத்தில் சில நாட்களில் 100 செ.மீ.-க்கு மேல் பெய்து, உள்ளூர் அவசர நிலை அறிவிக்க வேண்டி வந்தது. அதே மையம் தீவுக்கு மேற்கே வளைகுடாப் பக்கம் ஏறினால் காற்று தென்கிழக்கு. முதலில் கொஞ்சம் பனி, பிறகு மழை, மையம் கடந்ததும் வெப்பநிலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் விழுந்து, நனைந்த ரோடு அப்படியே உறையும். 5 செ.மீ. பனி என்று முன்னறிவிப்பு சொன்ன நாளில் ரோடு 30 செ.மீ. விழுந்த நாளைவிட மோசமாக இருப்பது இதனால்தான். புயல் போன பிறகு திரும்பும் வடமேற்குக் காற்று மூன்றாவது வகை. வளைகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து நம் கரையில் மட்டும் பட்டை பட்டையாகப் பனியைக் கொட்டும்.

தென்கிழக்குக் காற்றுக்கு இங்கே தனிப் பெயரே உண்டு: லே சுவெட். பிரெஞ்சு பேசும் அகேடிய மக்கள் தென்கிழக்கைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது. தீவின் உள்ளே 400, 500 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம். அதன்மேல் ஏறிய காற்றை, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றடுக்கு மூடிபோல அமுக்கும். இடுக்கில் நெருக்கப்பட்ட காற்று மேற்குச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்ந்து நேராக ஊர்மேல் இறங்கும். கிராண்ட் எட்டாங்கில் 1993-இல் மணிக்கு 230 கி.மீ.-ஐத் தாண்டிய வீச்சு பதிவாகியிருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தின் ரெக்ஹவுஸ் பகுதியிலும் இதே மாதிரி மலைக்காற்றுதான். அங்கே ரயில் பெட்டிகள் கவிழாமலிருக்க, லாக்கி மக்டூகல் என்பவரிடம் காற்றின் நிலையைக் கேட்டுவிட்டு ரயில் நிர்வாகம் வண்டியை விட்ட காலம் ஒன்று இருந்தது.

கைபேசியோடு வரும் சாதாரண வானிலை ஆப்பில் இந்தக் காற்று சரியாகத் தெரியாது. உலகம் முழுமைக்கும் வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் 9 முதல் 15 கி.மீ. கட்டங்களாகப் பார்ப்பதால் மலையின் விளிம்பு அதில் மழுங்கிப்போகிறது. கனடாவின் எச்.ஆர்.டி.பி.எஸ். மாதிரிக்கு 2.5 கி.மீ. கட்டம், 48 மணி நேரம் வரை காட்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும். விண்டி ஆப்பில் மாதிரியை மாற்றிப் பார்க்கலாம். ஸ்பாட்-டபிள்யூ-எக்ஸ் தளத்தில் ஊரைக் குறித்தால் மணிவாரியாக வரைபடம் வரும். பார்க்க வேண்டியது சராசரி வேகத்தை அல்ல, வீச்சை, அதாவது திடீரென எழும் உச்ச வேகத்தை. சராசரி 60 என்று இருக்கும்போது வீச்சு 120 இருக்கும்; பெட்டி லாரியைச் சாய்ப்பது அந்த வீச்சுதான். அடுத்தடுத்து இரண்டு ஓட்டமும் பலத்த வீச்சு என்றே சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எச்சரிக்கைக்கு அரசின் வெதர்கேன் ஆப் போதும். இங்கே பனிப்பொழிவு எச்சரிக்கைக்கு அளவு 12 மணி நேரத்தில் 15 செ.மீ.; பனிப்புயல் என்றால் 40 கி.மீ. காற்றும் 400 மீட்டருக்குள் சுருங்கிய பார்வைத் தூரமும் குறைந்தது 4 மணி நேரம் நீடிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும் சேர்ந்திருக்கிறது. இன்வர்னஸ் மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாபூவும் அதற்கு வடக்கும் என்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தெற்குப் பகுதியை வைத்திருந்தால் லே சுவெட் எச்சரிக்கை உங்களுக்கு வராது.

ராடரை நம்புவதில் ஒரு கவனம் வேண்டும். தீவின் ராடர் மரியன் பிரிட்ஜில், சிட்னிக்குத் தெற்கே இருக்கிறது. ஷெட்டிகாம்பிலிருந்து சுமார் 100 கி.மீ. அந்தத் தூரம் வருவதற்குள் கதிர் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடும். நடுவே மேட்டுநிலம் வேறு. வடமேற்குக் காற்று கொண்டுவரும் பனிப்பட்டைகள் தாழ்வானவை என்பதால் கதிர் அவற்றின் தலையைத்தான் தொடும். திரையில் லேசான நீலம் தெரியும், ரோட்டில் முன்னால் போகும் வண்டியின் விளக்கு தெரியாது. அந்த நாட்களில் ராடரை விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்: வளைகுடாமேல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கோடு கோடாக மேகம் தெரிந்தால், அந்தக் கோடு கரையைத் தொடும் இடத்தில் பனி விழுந்துகொண்டிருக்கிறது.

அதிகம் பயன்படுவது மாகாணத்தின் ரோட்டுத் தகவல் சேவையான 511. அதன் ரோட்டு நிலை அறிக்கை என்பது யாரோ ஒருவர் அந்த வழியே போய்ப் பார்த்த நேரத்தின் நிலை. அதனால் வரைபடத்தில் ரோட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் புதுப்பித்த நேரத்தைப் பாருங்கள். காற்று 50 கி.மீ.-க்கு மேல் இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய "வெறும் ரோடு" என்ற குறிப்புக்கு மதிப்பே கிடையாது. கேமராவும் அப்படித்தான், படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பழையதாக இருந்தால், லென்ஸில் பனி ஒட்டியிருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

511-இல் பலர் தொடாத பகுதி ரோட்டோர வானிலை நிலையங்கள். காற்றின் வெப்பநிலை, ரோட்டின் மேற்பரப்பு வெப்பநிலை, பனிநிலை, மூன்றையும் தரும். பனிநிலை என்பது காற்றிலிருக்கும் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை. ரோடு 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, பனிநிலை ரோட்டின் வெப்பநிலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், வானம் நட்சத்திரத்தோடு தெளிவாக இருந்தாலும் பிளாக் ஐஸ் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி) பிடிக்கும். காற்று +2 காட்டும்போதே ரோடு -1 இருக்கலாம். காரின் திரை காட்டுவது காற்றை மட்டும்தான். பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் காற்று போவதால். இந்த ஒரு கணக்கைப் பழகிக்கொண்டால் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு வேறு எந்த ஆப்பும் தராத பலன் கிடைக்கும்.

பனி தள்ளும் வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடமும் மாகாணத்தில் உண்டு. வண்டி போன தடம் தெரிந்தால் ரோடு சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திறந்த கரையோர வளைவில் காற்று அரை மணி நேரத்தில் மறுபடி மூடிவிடும். உப்பு -10 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே மணல்தான் போடுவார்கள். மணல் பிடிமானம் தரும், பனிக்கட்டியை உருக்காது. மழையோடு தொடங்கும் புயலில் முன்கூட்டியே உப்பு தூவினால் மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், வெப்பநிலை விழும் முதல் ஒரு மணி நேரம்தான் ரோடு மிக மோசம். முதலில் கவனிக்கப்படுவது 100 வரிசையில் எண் கொண்ட முக்கிய நெடுஞ்சாலைகள். கிளை ரோடுகளின் முறை அதற்குப் பிறகுதான்.

ஊரின் நிலையை வைத்து மலையை எடைபோடாதீர்கள். கேபட் டிரெயில் என்ற ரோடு ஷெட்டிகாம்பைத் தாண்டியதும் பிரெஞ்சு மலையில் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கீழே +1 டிகிரியில் மழை என்றால் மேலே -2 டிகிரியில் பனி. பிளசன்ட் பேவின் நிலை இன்னும் கடினம்: தெற்கே மெக்கன்சி மலை, வடக்கே நார்த் மலை, இரண்டும் மூடினால் ஊர் தனித்துவிடும். அங்கே இருப்பவர்கள் மருந்து, பால், காருக்கு எரிபொருள் எல்லாவற்றையும் புயலுக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தீவை விட்டு ரோடு வழியே வெளியே போக வேண்டுமென்றால், கடலின் குறுக்கே போட்ட கான்சோ தாம்போதி ஒன்றுதான் வழி. 1955-இல் திறந்தது, 1,385 மீட்டர் நீளம். பலத்த காற்றில் உயரமான வண்டிகளை முதலில் நிறுத்துவார்கள், அலை மேலே ஏறினால் எல்லாவற்றையும். ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் இதை 511-இல் தனியாகப் பாருங்கள்.

மலைமேல் நீண்ட தூரத்துக்கு சிக்னல் கிடையாது. கிளம்புமுன் ரோட்டு நிலை, நிலைய எண்கள், காற்று வரைபடம், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கைபேசி கோபுரங்களும் சில மணி நேரத்தில் அடங்கக்கூடும்; 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் வந்தபோது மாகாணமே அதைப் பார்த்தது. பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். கைபேசிக்கான பேட்டரி பேக்கைக் காரில் விட்டுவைக்காதீர்கள். உறைகுளிரில் அதன் சக்தி இறங்கிவிடும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி பிற்பகுதியிலிருந்து கனடியப் பனிக்கட்டிச் சேவையின் வரைபடத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வளைகுடா உறைந்து மூடிவிட்டால் வடமேற்குக் காற்றுக்கு ஈரம் கிடைக்காது, பனிப்பட்டைகள் அடங்கிவிடும். 2021 மாதிரி வளைகுடா சரியாக உறையாத குளிர்காலத்தில் அவை மார்ச்சிலும் வரும். வரைபடத்தில் மேற்குக் கரைக்கு எதிரே திறந்த நீர் தெரியும்வரை, வடமேற்குக் காற்று என்று முன்னறிவிப்பில் வந்த ஒவ்வொரு நாளும் மார்கரிக்கு வடக்கே போகும் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.