குப்பியைக் கண்ணால் பார்க்காமல் முகத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்

எனக்கு வயது 54. கோயம்புத்தூரில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற ஆவணியில் என் மகளுக்குத் திருமணம் நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, நகரில் நன்றாக விளம்பரம் செய்யப்படும் ஓர் அழகு சிகிச்சை மையத்தில் சுருக்கத்தைப் போக்க போடாக்ஸ் என்று சொல்லப்படும் ஊசியை நெற்றியிலும், தோலுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியைக் கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அதன் விளைவாக வலக்கண் இமை பாதி மூடிக்கொள்ள, தாலி கட்டும் நேரத்தில் ஒரு கண்ணை முழுதாகத் திறக்க முடியாமல்தான் மணமேடையில் நின்றேன். அந்த மையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் விவகாரம் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்கிறது. ஆனால் என் வயதையொத்த பலர் இந்த ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் கேட்கத் தவறிய கேள்விகளை அவர்களாவது கேட்க வேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு ஏன் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு புருவங்களுக்கும் நடுவில் செங்குத்தாக இரண்டு கோடுகள் எனக்கு நாற்பது வயதிலேயே விழுந்துவிட்டன. சும்மா இருக்கும்போதும் நான் கோபமாக இருப்பதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கணக்கில் சந்தேகம் கேட்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேன் மிஸ்" என்று திரும்பிப் போனது என்னை வெகுவாகப் பாதித்தது. வயதை மறைக்க வேண்டும் என்ற ஆசையைவிட, இல்லாத கோபத்தை என் முகம் காட்ட வேண்டாமே என்ற ஆதங்கம்தான் பெரிதாக இருந்தது. ஆசைப்பட்டதைத் தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

மையத்தில் முதலில் என்னிடம் பேசியவர் மருத்துவர் அல்லர். ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஓர் இளம் பெண். நெற்றி, புருவ நடு, கண்ணோரம் என்று முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விலை சொன்னார். எத்தனை யூனிட் மருந்து போடுவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியாததால் நானும் கேட்கவில்லை. மூக்கின் ஓரத்திலிருந்து வாய் முனை வரை இறங்கும் கோடுகளுக்கு ஃபில்லரும் சேர்த்துக்கொண்டால் பேக்கேஜ் விலையில் 34,000 ரூபாய் என்றும், அந்த விலை இன்று மாலை வரைதான் என்றும் சொன்னார். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, பில் வேண்டாம் என்றால் அந்தத் தொகை மிச்சம் என்றார். திருமணச் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். 6,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அங்கே சிகிச்சை பெற்றதற்கான முதல் ஆதாரத்தை நானே கைவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் உள்ளே வந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்று அழைத்தார்கள், ஆனால் கோட்டில் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தைராய்டு மாத்திரையும், இரத்தம் உறையாமல் இருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் நான் தினமும் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கையடக்கக் கணினித் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்க நேரம் தரவில்லை. தட்டில் இரண்டு சிரிஞ்சுகள் ஏற்கெனவே மருந்து ஏற்றப்பட்டு, ஊசி முனையில் மூடியுடன் தயாராக வைக்கப்பட்டிருந்தன. எந்தக் குப்பியிலிருந்து எடுத்தது, எப்போது கலந்தது என்று காட்டவே இல்லை. எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. வீக்கம் தெரிந்தால் இரவில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் புருவத்துக்கு மேலே விரலால் அழுத்தித் தேய்த்தேன்.

ஆறாம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது, வலப்பக்க இமை கருவிழியின் மேல் பாதியை மறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். நெற்றி அசையவே இல்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தால் மட்டுமே அந்தக் கண்ணுக்கு முழுதாகப் பார்வை தெரிந்தது. திருமணத்துக்கு இன்னும் நான்கு நாள். மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இது இயல்புதான், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். என் கணவர் பக்கவாதமோ என்று பயந்து, என்னை நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவசரப் பிரிவில் வாய் கோணுகிறதா, கை கால் பலம் குறைந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். திடீரென்று இமை இறங்குவது நரம்புக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், ஊசி போட்டதைச் சொன்ன பிறகும் மற்றக் காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பின்னரே தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்தும்மா போட்டாங்க, எத்தனை யூனிட்?" எனக்குப் பதில் தெரியவில்லை. போடாக்ஸ் என்று சொன்னேன். அது ஒரு நிறுவனத்தின் மருந்துப் பெயர், அதே வகை மருந்து வேறு பல பெயர்களிலும் வருகிறது, ஒரு மருந்தின் யூனிட்டும் இன்னொரு மருந்தின் யூனிட்டும் ஒன்றல்ல என்று அவர் விளக்கினார். இந்த மருந்து குப்பியின் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு உலர்ந்த படலமாகத்தான் இருக்குமாம். காலிக் குப்பி என்றே தோன்றுமாம். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, உப்பு நீர் சேர்த்துக் கலந்த பிறகுதான் ஊசியில் ஏற்ற வேண்டும். கலந்த பின் அது வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அளவுக்கு மீறி நீர்த்ததா, நாள்பட்டதா, மருந்தே இல்லாததா என்று சிரிஞ்சைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதைக் கேட்டபோதுதான் அந்தத் தட்டில் இருந்த இரண்டு சிரிஞ்சுகளும் என் கண் முன் வந்து நின்றன.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த மருந்து தோலை இழுத்துப் பிடிப்பதில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. முதலில் மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் இது பயன்பட்டது. 1987இல் கனடாவின் வான்கூவரில் ஒரு கண் மருத்துவர், கண் துடிப்புக்கு இதைப் போட்ட நோயாளியின் புருவ நடுக் கோடு மறைவதைக் கவனித்ததிலிருந்துதான் இந்தப் பயன்பாடு வளர்ந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002இல் அந்தக் கோட்டைப் போக்க இந்த மருந்தைப் பயன்படுத்த அனுமதி தந்தது. முகம் அசையும்போது விழும் கோட்டுக்கு இது நன்றாக வேலை செய்யும். அசையாதபோதும் நிலைத்துவிட்ட ஆழமான கோட்டுக்கு ஓரளவுதான் உதவும். வயதாக ஆக மேல் இமைத் தோல் தொங்கத் தொடங்கும்போது, நெற்றித் தசை நமக்குத் தெரியாமலே நாள் முழுவதும் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணுக்கு இடம் கொடுக்கிறது. நெற்றிச் சுருக்கமே பலருக்கு அந்த உழைப்பால் வருவதுதான். சுருக்கத்தைப் போக்க அந்தத் தசையைத் தளர்த்தினால் புருவமும் சேர்ந்து இறங்கும். கண்ணை மூடி நெற்றியைத் தளரவிட்டு, பிறகு புருவத்தை அசைக்காமல் கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், யாருக்கு நெற்றியில் போடக் கூடாது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றார். என்னைச் செய்யச் சொன்னார். எனக்கு இடக்கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "உங்களுக்கு நெற்றியைத் தொட்டிருக்கவே கூடாது" என்றார். மையத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை. வலக்கண் இமையே இறங்கியதற்கு, மருந்து புருவத்தின் அடியில் பரவி இமையைத் தூக்கும் தசையைத் தொட்டது காரணமாக இருக்கலாம் என்றும், ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்றுதான் எங்கும் சொல்வார்கள் என்றும் கூறினார்.

இதன் விளைவை முறிக்கும் மருந்து கிடையாது. மருந்தின் வீரியம் குறையும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஊசியின் பலன் சில நாளில் தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையடைந்து, மூன்று நான்கு மாதம் நிற்கும். அப்படியிருக்க, திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு போட்டுக்கொள்ளச் சொன்னதே பொறுப்பில்லாத யோசனை. தவறு நேர்ந்தால் திருத்த அவகாசமே இல்லாத தேதி அது.

முகூர்த்தத்தன்று என் தங்கை இமையின் மேல் ஒட்டும் பட்டையை மெல்லியதாக வெட்டி ஒட்டிவிட்டாள். ஹோமப் புகையில் கண்ணீர் வந்து அது அரை மணியில் கழன்றுவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்து, "என்ன கண்ணு, உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டபோது, தூக்கம் இல்லை என்று பொய் சொன்னேன். எந்தப் படத்திலும் என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கவலையோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இமை ஒன்பதாம் வாரத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. கன்னத்தில் போட்ட ஃபில்லரின் கதை இன்னும் முடியவில்லை. ஆஸ்பிரின் எடுப்பதால் இரண்டு வாரம் கன்னம் கன்றிக் கறுத்திருந்தது. அது போன பிறகு இடப்பக்கம் கடுகளவில் தொடங்கிய கட்டி இப்போது மொச்சைக் கொட்டை அளவில் கைக்குத் தட்டுப்படுகிறது. போட்டது ஃபில்லர்களில் வழக்கமாக இருக்கும் ஹயலூரானிக் அமிலம் என்றால் அதைக் கரைக்கும் நொதி ஊசி இருக்கிறது. சிலிகான் போன்ற வேறொன்று என்றால் அந்த ஊசி வேலை செய்யாது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். உள்ளே இருப்பது எது என்று தெரியாததால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுத்து, கடும் வலி எடுத்து, அந்தப் பகுதியே அழுகிப் போகலாம். மூக்கு, புருவ நடு ஆகிய இடங்களில் உள்ள குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை என்பதால் பார்வையும் போகலாம். அப்படி ஆனால் நேரம் கடத்தக் கூடாது. நான் போன இடத்தில் அந்தக் கரைக்கும் மருந்து கையிருப்பில் இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை.

மையம் எனக்கு எதையும் எழுதித் தர மறுத்தது. மருத்துவர்களின் நடத்தை விதிகள், 2002இன்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால், ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த ஒரே ஒரு தாளில் என் பெயரும் தேதியும் இருந்தன. மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), அளவு எதுவும் இல்லை. ஊசி போட்டவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடுவதற்குக்கூட அவருடைய முழுப் பெயர் கிடைக்கவில்லை. இந்த மாநிலத்தில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் அதைப் பற்றியும் மனு கொடுத்திருக்கிறேன்.

பில் இல்லாத நிலையில், கூகுள் பேயில் பணம் அனுப்பிய பதிவும், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய நேர ஒதுக்கீட்டுச் செய்தியும், ஆறாம் நாள் காலையில் என் மகள் பிடித்த புகைப்படமும்தான் என் சான்றுகள். கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினாலும் வழி சொல்கிறார்கள்.

போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. என்னுடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த ஒருவரிடம் மூன்று ஆண்டுகளாகப் போட்டுக்கொள்கிறார். முகமும் நன்றாக இருக்கிறது, செலவு ஆண்டுக்கு மூன்று முறை திரும்ப வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய மருத்துவர் முதல் சந்திப்பில் ஊசியே போடவில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாராம். அடுத்த முறை குப்பியை அவர் கண் முன்னால் திறந்து, அதன் மேல் இருந்த ஒட்டுச் சீட்டை உரித்து அவருடைய கோப்பில் ஒட்டி, எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் என்று முகப் படத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோப்பை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. அப்படி ஒரு பக்கத்தைத் தர மறுக்கும் இடத்திலிருந்து, முன்பணம் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. என்னைப் போல் பில் இல்லாமல் பணம் கட்டிப் பாதிக்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால், பணம் அனுப்பிய பதிவையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டு ஆண்டு முடிவதற்குள் மனு போட்டுவிடுங்கள்.