காரைக்குடியிலிருந்து அலையாத்திக் காடு: காரங்காடா, முத்துப்பேட்டையா?

தேவகோட்டை, தொண்டி வழியே போனால் காரங்காடு. கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் சேரும் இடம். சின்னக் காடு, பிள்ளைகளோடு போக இதுவே தோது.

முத்துப்பேட்டை காரைக்குடி–திருவாரூர் ரயில் பாதையிலேயே இருக்கிறது. பாமணியாறு, கோரையாறு முதலான காவிரிக் கிளைகள் இங்குள்ள லகூனில் (கடலோரக் காயலில்) கலக்கின்றன. 2002 முதல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில்) உள்ள கோடியக்கரை ஈரநிலத்தின் பகுதி இது. காட்டைப் பார்க்க மட்டுமல்ல, புரிந்துகொள்ளவும் வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஓதநீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர்) வடியாமல் தேங்கி உப்பேறியதால் விதை முளைக்கவில்லை. அதைச் சரிசெய்ய வெட்டியவைதான் மீன்முள் வடிவ வாய்க்கால்கள்: நடுவே ஒன்று, இருபுறமும் சாய்ந்த கிளைகள். ஓதம் ஏறியிறங்கி உப்பைக் கழுவ, ஓரத்தில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வேர்பிடிக்கிறது. வாய்க்கால் தூர்ந்தால் பழைய கதைதான். 2018 கஜா புயலிலும் மரங்கள் நிறையப் போயின.

இரண்டிலும் வலசைப் பறவைகளுக்கு நவம்பர்–பிப்ரவரி. வற்றத்தில் (ஓதம் இறங்கியிருக்கையில்) சேறு தெரியும்போதுதான் உள்ளான்கள் என்ற கரையோரப் பறவைகள் இரை தேடும், படகோ தரைதட்டும். ஓதநேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல்நாளே படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.