மாமல்லபுரமா, காஞ்சிபுரமா?

நண்பர்களோடு ஒரே நாளில் சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால், சென்னையில் பேச்சு இந்த இரண்டு ஊர்களில்தான் வந்து நிற்கும்.

தூரம்:
மாமல்லபுரம் – ஒரு வழி சுமார் 55 கி.மீ.
காஞ்சிபுரம் – சுமார் 75 கி.மீ. போகவர 150, புதியவர்களுக்கு இது அதிகம்.

சாலை:
கிழக்குக் கடற்கரைச் சாலை – சமதளம். முட்டுக்காடு பாலத்தில் எல்லாரும் படம் எடுக்க நிற்பார்கள், அரை மணி போய்விடும்.
பெங்களூரு நெடுஞ்சாலை – ஸ்ரீபெரும்புதூர் வரை கனரக லாரிகள். பேசிக்கொண்டே இணையாக ஓட்ட முடியாது. வரிசையாகத்தான் போக வேண்டும். நண்பர்களோடு போவதன் பாதிச் சுகம் அங்கேயே போச்சு.

காற்று: பலரும் இதை யோசிப்பதே இல்லை. கோடையில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். மார்கழியில் வடகிழக்குக் காற்று. திரும்பும் வழி முழுக்க முகத்தில்தான் அடிக்கும்.

சாப்பாடு:
மாமல்லபுரம் – வழியில் கோவளத்தில் மீன்.
காஞ்சிபுரம் – மிளகு, சீரகம், சுக்கு மணக்கும் கோயில் இட்லி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காஞ்சிதான்.

செலவு: கடற்கரைக் கோயிலுக்குக் கட்டணம் உண்டு, கைலாசநாதர் கோயிலுக்கு இல்லை. இரண்டையும் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன்தான்.

குழுவில் ஒருவராவது புதியவர் என்றால் மாமல்லபுரம். எல்லாரும் நூறு கிலோமீட்டர் பழகியவர்கள், விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பச் சம்மதிப்பவர்கள் என்றால் காஞ்சிபுரம்.