கியர்பாக்ஸ் போச்சு என்று சொன்னால் முதலில் காருக்குப் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள்

வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் இருப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மா அதை ஓட்டுகிற வீட்டில் இருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாக இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிதாக போர்டு மாட்டியிருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் 74,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இறக்காத கியர்பாக்ஸை இறக்கியதாகவும் மாற்றாத கிளட்ச்சை மாற்றியதாகவும் பில் போட்டுக் கொடுத்தார்கள். உண்மையில் போயிருந்தது சில நூறு ரூபாய் பெறும் பிரேக் லைட் சுவிட்ச். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விடாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகவே வாங்கிய ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) கார் அது. 2014இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு நம் ஊரில் பரவலானதே இந்த ஏஎம்டி. பலர் இதை முழு ஆட்டோமேட்டிக் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். நாம் காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடுகிற வேலையை ஒரு ஆக்சுவேட்டரும் அதை ஆட்டிவைக்கிற ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்கின்றன, அவ்வளவுதான். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், கியர் விழவில்லை என்றவுடன் கியர்பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது, அந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய ஒரு சின்ன சிக்னல் போகாவிட்டாலும் கியர் விழாது.

எங்கள் காரில் நடந்தது இதுதான். சில சமயம் சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்து மிதித்து விட்டால் ஆகிவிடும். ஸ்டார்ட் ஆனபிறகு லிவரை டி-க்கு (டிரைவ்) தள்ளினால் சில சமயம் மீட்டரில் நியூட்ரலைக் குறிக்கும் N என்ற எழுத்து மினுக்கிக்கொண்டே நிற்கும், வண்டி நகராது. ஒருமுறை கியர் விழுந்துவிட்டால் அப்புறம் ஒரு குறையும் இல்லை, ஜெர்க் இல்லை, சத்தம் இல்லை, கருகல் வாடை இல்லை, ஏற்றத்திலும் நன்றாக இழுக்கும்.

இதை அப்படியே அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னோம். அங்கிருந்தவர் ஸ்கேனரை மாட்டி, திரையில் பி0700 என்று வந்ததைக் காட்டி, "கியர்பாக்ஸ் ஃபெயிலியர்னு அதுவே சொல்லுது பாருங்க மேடம்" என்றார். கிளட்ச் செட், ஆக்சுவேட்டர் ஓவர்ஹால், கியர் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் எழுதினார். வண்டி ஓடும்போது நன்றாக இழுக்கிறதே, கிளட்ச் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டதற்கு, "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் மேடம், வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க, அவர்கிட்ட விளக்கமா பேசிக்கிறேன்" என்று பதில். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் திரும்பி, "ஐயா, இப்படியே ஓட்டினீங்கன்னா நடுரோட்ல நின்னுபோகும், பின்னாடி லாரி வந்தா என்ன ஆகும்" என்றார். அறுபத்தெட்டு வயது மனிதரிடம் அதைச் சொன்னால் அவர் என்ன செய்வார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

இந்த பி0700 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது கோளாறின் பெயரே இல்லை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோடு, அதாவது கோளாறு எண், பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கை காட்டுகிறது, அதற்கு மேல் அதில் ஒரு தகவலும் கிடையாது. உண்மையான கோடு டிசிஎம் எனப்படும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும், அதைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனர்கள் பலவும் இன்ஜின் பக்கத்தை மட்டும்தான் படிக்கும். பி0700 மட்டும் காட்டி கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு வேலை தெரியாது, இல்லை தெரிந்தே சொல்கிறார். ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பழைய கிளட்ச் பிளேட்டைக் கேட்டோம். ஸ்கிராப்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். முதலில் வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், நான் விடாமல் நின்றதால்தான் கடைப் பெயர் போட்ட பில் வந்தது, ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியில். இன்று எங்கள் கையில் இருக்கும் ஆதாரமே அந்தப் பில்தான்.

கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடியது. விட்டு விட்டு வருகிற கோளாறுக்கு அந்தக் குணம் உண்டு, எதைச் செய்தாலும் சரியானது போலத் தெரியும். அப்புறம் கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் N மினுக்கிக்கொண்டு நின்றது, அம்மாவும் வண்டியில் இருந்தார், பின்னால் பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தால், இப்போது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் போயிருக்கும், இன்னும் 35,000 ஆகும் என்றார்கள்.

விருதுநகரில் என் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், வயதானவர், சின்னக் கடை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "ஐயா, நீங்க பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க. நீ பின்னாடி போய் லைட்டைப் பாரும்மா" என்றார். போய்ப் பார்த்தேன். அப்பா மிதிக்கிறார், லைட் எரிகிறது, விடுகிறார், மறுபடி மிதிக்கிறார், எரியவில்லை. எரியாத நேரத்தில் லிவரைத் தள்ளினால் N மினுக்குகிறது, எரிகிற நேரத்தில் டி சமர்த்தாக விழுகிறது. ஏஎம்டியில் பிரேக் மிதித்திருக்கிறது என்ற சிக்னல் வந்தால்தான் ஸ்டார்ட் ஆகும், அது வந்தால்தான் நியூட்ரலில் இருந்து கியர் விழும். அந்த சிக்னலைத் தருவது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கிற அந்த சுவிட்ச்தான். டிசிஎம்மைப் படிக்கிற ஸ்கேனர் அவரிடம் இருந்தது, அதில் பி0504 என்று வந்தது. சுவிட்ச்சுக்குள் இருக்கும் இரண்டு கான்டாக்ட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். சுவிட்ச்சை மாற்றினார், கோடை அழித்தார். அதற்குப் பிறகு N மினுக்கவே இல்லை.

பில்லைக் காட்டியதும் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்த கடையில் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார்க்கச் சொன்னார். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இன்ஜினிலிருந்து பிரித்து இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. அதற்கு இரண்டு ஆக்சிலையும் உருவ வேண்டும், அப்போது ஆயில் கொட்டிவிடும், புது ஆயில்தான் ஊற்ற வேண்டும். எங்கள் கியர்பாக்ஸ் போல்ட்டுகளின் மேல் கம்பெனியில் வைத்த பெயின்ட் அடையாளம் அப்படியே இருந்தது, போல்ட்டிலிருந்து பாடி வரை ஒரே கோடாக, கொஞ்சமும் விலகாமல், அதற்கு மேல் வருஷக்கணக்கான சேறு. ஸ்பேனர் வைத்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும். கொஞ்சம் ஆயிலை வடித்துப் பார்த்தோம், கறுப்பாக வந்தது. பில்லில் புது கியர் ஆயில் என்று தனி வரி இருக்கிறது. எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, பார்த்ததை அவரிடமும் லிஃப்ட் கடைக்காரரிடமும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

பணத்தைக்கூட விடுங்கள். பிரேக் மிதித்தால் பின்னால் லைட் எரியாத வண்டியை, ஆக்சிடென்ட் ஆகிவிடும் என்று பயம் காட்டிக் காசு வாங்கிய அதே ஆள், சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி எங்கள் அப்பாவிடம் சாவி கொடுத்து ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்கிறோம் என்பதே தெரியாது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அது வேறு மாதிரித் தெரியும். மேனுவல் மோடில் வைத்து, பெரிய கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல், கருகல் வாடையும் வந்தால் அது கிளட்ச். ஆயில் பிரஷரில் வேலை செய்கிற ஹைட்ராலிக் வகை ஏஎம்டியில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் சில நொடி கேட்கும், அது இயல்பு. நிற்கிற வண்டியில் அது ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடினால் பிரஷர் நிற்கவில்லை, அப்போது ஆக்சுவேட்டர் பக்கம் பார்க்கச் சொல்லலாம். பேட்டரி வீக்காக இருந்தாலும் ஏஎம்டி இப்படி அடம் பிடிக்கும், இன்ஜின் ஆஃப் செய்து வெகுநேரம் ஆன பிறகு 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைக் கவனியுங்கள். கிளட்ச் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து கிளட்ச் லேர்னிங் (புது கிளட்ச்சைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள், அது செய்யாத வண்டி புது கிளட்ச்சோடும் உதறும். சிவிடி என்கிற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம், அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள், எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்தான் என்று சொல்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் டிசிஎம் கோடைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற பாகம் எங்களுக்கு வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் இறக்கி வைத்திருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று தடுத்தால் அதுவே பதில். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915இல் பதிவு செய்தோம், கடைக்காரர் பதிலே சொல்லவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். நாம் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், இணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் தளம் வழியாகவும் முடியும். நோட்டீஸ் போனதும் அப்பாவுக்கு போன் வந்தது, "பாதிப் பணம் தர்றோம் ஐயா, வாபஸ் வாங்கிக்கங்க" என்று. அப்பா, "கழட்டுன கிளட்ச் பிளேட்டைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள், அதற்குள் அவர்கள் பதில் மனு போட்டாக வேண்டும். உத்தரவு வந்ததும் கடைப் பெயரோடு இங்கே எழுதுகிறேன்.