பி.என்.எச். மருந்துகள்: எதை எதோடு மோதவிட்டார்கள்?

காலையில் போகும் முதல் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். பி.என்.எச். என்ற அரிய ரத்தக் கோளாறின் பழைய அடையாளம் அது. சிவப்பணுவின் மேல் இருக்க வேண்டிய காப்புப் புரதங்கள் இல்லாததால், உடம்பின் 'காம்ப்ளிமென்ட்' என்னும் தற்காப்புப் படையே அதை உடைத்துவிடுகிறது.

2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்குலிசுமாப்தான் முன்னோடி. அந்தப் படையைச் சேர்ந்த சி5 புரதத்தைக் கட்டிப்போடும். டிரையம்ஃப் சோதனையில் 87 பேர், 26 வாரம். ரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபின் நிலைத்தது மருந்து பெற்றவர்களில் 49 சதவீதத்தினருக்கு. வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்ற வேண்டும். அடுத்து வந்த ராவுலிசுமாப் அதை எட்டு வாரமாக்கியது; பலன் ஏறக்குறைய அதேதான்.

சி5ஐ அடைத்தாலும், அதே படையின் இன்னொரு புரதமான சி3இன் துணுக்குகள் ஒட்டிய சிவப்பணுக்களைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டையைத்தான் பெக்செட்டகோப்லான் அடைக்கிறது. பெகாசஸ் சோதனையில் 80 பேர். 16 வாரத்தில் ரத்தம் ஏற்றத் தேவைப்படாதவர்கள் 85 சதவீதம், எக்குலிசுமாப் பக்கம் 15. ஹீமோகுளோபின் வித்தியாசம் டெசிலிட்டருக்கு 3.84 கிராம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். வந்த அத்தனை பேரும் எக்குலிசுமாப் எடுத்தும் ஹீமோகுளோபின் 10.5ஐத் தொடாதவர்கள். பழைய மருந்து சரிவர எடுபடாதவர்களிடமே அதற்குப் பரீட்சை வைத்தார்கள். அதோடு, முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் இரண்டு மருந்தும் கொடுத்து, பிறகு பிரித்தார்கள். பெக்செட்டகோப்லான் பக்கம் 2.37 ஏறியது, மற்றப் பக்கம் 1.47 இறங்கியது. மருந்தை மாற்றும் நோயாளி எதிர்பார்க்க வேண்டியது 2.37ஐ, 3.84ஐ அல்ல. விளம்பரத்துக்கு எந்த எண் போகும் என்று சொல்லவா வேண்டும்!

இன்னொரு புதிய மருந்தான இப்டகோபானுக்கும் இதே கணக்கு. 97 பேர் கொண்ட அப்ளை சோதனைக்கு வந்தவர்கள், சி5 மருந்து எடுத்தும் ஹீமோகுளோபின் 10ஐ எட்டாதவர்கள். ஆனால் புதிய நோயாளிகள் 40 பேரை வைத்து அப்பாயின்ட் என்று தனியாக ஒன்றும் நடந்தது. ஒப்பிட எதிரணி இல்லாவிட்டாலும் ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது.

பெக்செட்டகோப்லானையும் இப்டகோபானையும் இவற்றில் எதுவும் நேருக்கு நேர் நிறுத்தவில்லை. என் சாய்வு இப்டகோபான் பக்கம்: வாரம் இருமுறை தோலடி ஊசி எங்கே, வாயில் போடும் கேப்சூல் எங்கே! மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். கேப்சூலை நாளுக்கு இரண்டு வேளை தவறாமல் போட வேண்டும். மருந்தால் பிழைத்திருக்கும் காப்பில்லாத அணுக்கள் இப்போது நிறைய. வேளை தப்பினால் உடைவதும் மொத்தமாகவே உடையலாம்.